எல்லா பேமென்ட் கேட்வேக்கும் ஒரே இன்டர்ஃபேஸ்: எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

ஃபீஸ்_கவுண்டர் (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி, விடுதி, டியூஷன் சென்டர்களுக்குக் கட்டணம் வசூலிக்கும் மென்பொருள் ஒன்றை நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்துகிறோம். இத்தனை நாளும் ஒரே ஒரு கேட்வேதான் (ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் சேவை; பெயர் வேண்டாம்). அதன் கோடு (நிரல்) எங்கள் பில்லிங் கோடுக்குள் நூலும் பஞ்சுமாகக் கலந்து கிடக்கிறது.

இப்போது இரண்டு புது வாடிக்கையாளர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் டியூட்டரி நடத்துகிறார், அவருக்கு இலங்கை கேட்வேயான பேஹியர் வேண்டுமாம். இன்னொருவர் குவைத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் மிருதங்கம் சொல்லித்தருகிறார். தினாரில் வாங்க வேண்டும், எந்த கேட்வே என்று இன்னும் முடிவாகவில்லை.

அதனால் பொதுவாக ஒரு இன்டர்ஃபேஸ் (எந்த கேட்வேயிடமும் ஒரே மாதிரி கேட்கும் செயல்களின் பட்டியல்) எழுதி, ஒவ்வொரு கேட்வேக்கும் ஒரு அடாப்டர் (அந்தப் பட்டியலை அந்த கேட்வேயின் முறைக்கு மாற்றும் துண்டு) போட்டுவிடலாம் என்று திட்டம். கோடை ஒட்டினால் நீளும், தமிழிலேயே சொல்கிறேன்:

பணம்_கட்டு (தொகை, விவரம்) → ஆம் / இல்லை
ரீஃபண்ட் (ஐடி) → ஆம் / இல்லை
நிலை (ஐடி) → ஆம் / இல்லை

இது போதுமா? எங்கே உதைக்கும்? போன செமஸ்டர் கடைசித் தேதி இரவு 11:30க்கு ஒரு அப்பா விடுதிக் கட்டணம் ₹42,500 கட்டினார். எங்கள் திரையில் 'தோல்வி' என்று வந்தது. திரும்பக் கட்டினார். இரண்டுமே போயிருக்கிறது. காலையில் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தக் கதை மறுபடி வரக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

---

பழைய_பிஎச்பி

இதை ஏன் சொந்தமாக எழுத வேண்டும்? பல கேட்வேக்கும் பொதுவான தயார் லைப்ரரிகள் உண்டே. பிஎச்பி மொழி என்றால் ஆம்னிபே இருக்கிறது. ரூபி என்றால் ஆக்டிவ் மெர்ச்சன்ட். ஜஸ்பே தன் ஹைப்பர்ஸ்விட்சை ரஸ்டில் எழுதி ஓப்பன் சோர்ஸாகவே விட்டிருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள் தம்பி.

---

பைசா_கணக்கு (சென்னை)

@பழைய_பிஎச்பி சார், எடுத்துப் போடலாம், தப்பில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் அவை எந்தக் காலத்து வடிவம் என்று பார்க்க வேண்டும். ஆக்டிவ் மெர்ச்சன்ட் ஷாப்பிஃபையிலிருந்து பிரிந்து வந்தது, 2006லிருந்து ஓடுகிறது. அதன் மையமே கார்டுதான். தொகையையும் கார்டையும் கொடு, அந்த அழைப்பு முடியும்போதே ஆம் இல்லை தெரிந்துவிடும். ஆம்னிபே ஒரு படி மேலே போய், 'வெற்றியா' என்பதோடு 'வேறு பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமா' என்றும் கேட்கும். நம் ஊரில் கார்டுக்கே ஓடிபி பக்கம் உண்டு. யூபிஐயில் ஆள் தன் போனில் வேறொரு ஆப்பைத் திறந்து பின் எண் போடுகிறார், நம் சர்வர் அங்கே இல்லவே இல்லை. அதில் 'பணம்_கட்டு' என்ற அழைப்பு எந்த நொடியில் முடியும், சொல்லுங்கள்?

@ஃபீஸ்_கவுண்டர், உங்கள் இன்டர்ஃபேஸில் எனக்கு உறுத்துவது அந்த 'ஆம் / இல்லை'தான். பேமென்டில் மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: *தெரியாது*. நெட்வொர்க் டைம்அவுட் ஆனால் (பதில் வராமலே நேரம் முடிந்தால்) பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை, நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். உங்கள் கோடு அந்தத் 'தெரியாது'வை 'இல்லை' என்ற பெட்டியில் போட்டது, அந்த அப்பா ₹42,500ஐ இரண்டு முறை கட்டினார். இதில் கேட்வே மேல் குற்றம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் 'தெரியாது' சில நொடிகளில் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். வங்கியில் கழிந்து வணிகருக்கு உறுதி வராத யூபிஐ பணம் டி+5 நாளுக்குள் (கட்டிய நாளிலிருந்து ஐந்து நாள்) தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ₹100 என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. ஐந்து நாள் கெடு கொடுத்தார்கள் என்றால், ஐந்து நாள் தொங்கக்கூடிய பணமும் இருக்கிறது என்றுதானே ஆகிறது? உங்கள் டேட்டாபேஸில் அதற்கு ஒரு இடம் வேண்டும்.

---

ஃபீஸ்_கவுண்டர்

ஐயோ. எங்கள் கோடில் அப்படியேதான் இருக்கிறது. பிழை வந்தால் பிடி, 'பொய்' என்று திருப்பு. 30 நொடி டைம்அவுட்டும் அதே வலையில்தான் விழுகிறது.

சரி அண்ணா, அப்படியானால் 'வெற்றி, தோல்வி, நிலுவை' என்று மூன்று நிலை வைத்தால் போதுமா?

---

பைசா_கணக்கு

போதாது. தோல்வியும் கடைசி நிலை இல்லை, அதுதான் வேடிக்கை. ரேஸர்பே என்ற கேட்வேயின் ஆவணத்திலேயே 'லேட் ஆத்தரைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது. முதலில் தோல்வி என்று குறிக்கப்பட்ட பேமென்ட், வங்கியிடமிருந்து தாமதமாகப் பதில் வந்ததும் ஆத்தரைஸ்ட் (வங்கி ஒப்புதல் பெற்றது) ஆகிவிடும். 'தோல்வி என்றால் கதை முடிந்தது' என்று உங்கள் கோடு நினைத்திருந்தால், பின்னால் வரும் அந்தச் செய்தியைக் குப்பையில் போடும். பணம் உங்களிடம், ரசீது யாரிடமும் இல்லை.

இரண்டு பொருளைப் பிரித்து வையுங்கள். ஒன்று *பில்*: இந்த மாணவர் ₹42,500 கட்ட வேண்டும். இன்னொன்று *முயற்சி*: அந்த பில்லைக் கட்ட ஒருமுறை முயன்றார். ஒரு பில்லுக்கு எத்தனை முயற்சியும் இருக்கலாம். ரேஸர்பேயில் ஆர்டர், அதன் கீழே பேமென்ட்கள். ஸ்ட்ரைப் என்ற இன்னொரு கேட்வேயில் பேமென்ட் இன்டென்ட், அதன் கீழே சார்ஜ்கள். தனித்தனியாக வளர்ந்த இரண்டு கம்பெனிகளும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நாம் வேறு வடிவம் தேடி அலைய வேண்டாம்.

---

யாழ்_டெவ் (யாழ்ப்பாணம்)

பேஹியர் பற்றி நான் சொல்லலாம், இரண்டு வருடமாக அதோடுதான் சீவியம்.

பேஹியர் உங்களுக்கு ஆம் இல்லை என்று சொல்லாது, ஐந்து எண் தரும். 2 என்றால் பணம் வந்தது, 0 என்றால் நிலுவை, -1 ரத்து, -2 தோல்வி, -3 சார்ஜ்பேக். கடைசியைக் கவனியுங்கள் அண்ணை. காசு வந்து, ரசீது கொடுத்து, பிள்ளை வகுப்பிலும் இருந்த பிறகு, கார்டுக்காரர் வங்கியில் முறையிட்டுத் திருப்பி எடுப்பது. அதற்கும் உங்கள் நிலைகளில் இடம் வேண்டும்.

அடுத்தது, பணம் கட்டியவர் உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது பேஹியர் நிலை எதையும் கூட அனுப்பாது. நிலை வருவது தனியாக, சர்வரிலிருந்து சர்வருக்கு, நீங்கள் கொடுத்த நோட்டிஃபை முகவரிக்கு. ஆள் திரும்பி வருவதும் அந்தச் செய்தி வருவதும் யார் முதல் என்று சொல்ல ஏலாது. லோக்கல்ஹோஸ்டில் (சொந்தக் கணினியிலேயே) வைத்துப் பார்த்தால் செய்தி வரவே வராது. நான் முதல் நாள் முழுக்க அதில்தான் மண்டையை உடைத்தேன்.

மூன்றாவது தொகை. அதற்கு அனுப்பும் தொகை பைசாக் கணக்கில் இல்லை, '1000.00' என்ற மாதிரி எழுத்தாக. ஹேஷும் (தகவல் மாறவில்லை என்று சரிபார்க்கும் முத்திரை) அந்த எழுத்தை வைத்துத்தான். '1,000.00' என்று கமா போட்டீர்களோ, '1000' என்று விட்டீர்களோ, ஹேஷ் பொருந்தாது.

---

பைசா_கணக்கு

@யாழ்_டெவ் சொன்ன மூன்றாவது விஷயத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ரேஸர்பே, ஸ்ட்ரைப் இரண்டும் தொகையைக் கடைசிச் சில்லறையில் கேட்கும். ₹42,500 என்றால் 4250000. பேபாலும் பேஹியரும் புள்ளி வைத்த தசமம் கேட்கும். உங்கள் பொது இன்டர்ஃபேஸுக்குள் ஓடும் தொகை எப்போதும் முழு எண்ணாக, கூடவே நாணயக் குறியீட்டோடு இருக்கட்டும். தசமமாக மாற்றுவது அடாப்டரின் வேலை.

'நூறால் பெருக்கினால் ஆச்சு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரவுசர் கன்சோலில் 4.35ஐ 100ஆல் பெருக்கிப் பாருங்கள். 435 வராது, 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் ஒரு பைசா காணாமல் போகும்.

அப்புறம் அந்த நூறு என்பதே எல்லா ஊருக்கும் பொது இல்லை. நாணயங்களுக்கான ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் ரூபாய்க்குத் தசமம் இரண்டு இடம், ஜப்பான் யென்னுக்குப் பூஜ்யம், உங்கள் மிருதங்க ஆசிரியரின் குவைத் தினாருக்கு மூன்று. 12.500 தினார் என்றால் 12500 ஃபில்ஸ். நூறால் பெருக்கி 1250 என்று அனுப்பினால், பன்னிரண்டரை தினார் பாடத்துக்கு ஒன்றேகால் தினார்தான் வரும். மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

ஒரு உபரித் தகவல்: டேட்டாபேஸில் 32 பிட் எண் வைக்காதீர்கள். பைசாவில் அதன் உச்சி சுமார் ₹2.14 கோடி. ஒரு பில்லுக்கு அது வராது, ஆனால் கல்லூரியின் மொத்த வசூலைக் கூட்டும்போது வரும்.

---

ரா_பாடி (பெங்களூரு)

வெப்ஹூக்கைச் (கேட்வே தானாக நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி, பேஹியரின் நோட்டிஃபை மாதிரி) சரிபார்ப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. என் சூடு பட்ட கதையைச் சொல்கிறேன்.

வெப்ஹூக் வந்தால் கையொப்பம் சரிபார்க்க வேண்டும் இல்லையா? பெரும்பாலும் வந்த செய்தியின் உள்ளடக்கத்தின் மேல் ரகசியச் சாவி வைத்துக் கணக்கிடும் எச்மாக் எஸ்எச்ஏ 256. எங்கள் பொது இன்டர்ஃபேஸில் நான் ரொம்ப அழகாக, ஃபிரேம்வொர்க் ஏற்கெனவே பிரித்துவிட்ட ஜேசனை (தகவலை எழுத்தாக அனுப்பும் வடிவம்) அடாப்டருக்குக் கொடுத்தேன். அடாப்டர் அதைத் திரும்பச் சரமாக்கிக் கையொப்பம் பார்த்தது. டெஸ்டில் எல்லாம் பாஸ்.

லைவில் ஒரு வாரம் கழித்து, சில பேருக்கு மட்டும் கையொப்பம் பொருந்தவில்லை. யாருக்கு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பெயரைத் தமிழில் எழுதியவர்களுக்கு! கேட்வே தமிழ் எழுத்துகளை அப்படியே அனுப்பியிருக்கிறது. பிஎச்பி திரும்பச் சரமாக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் யூனிகோட் எண்ணாக மாற்றிவிட்டது. பொருள் ஒன்று, பைட் வேறு, கையொப்பம் கோவிந்தா. டெஸ்ட் டேட்டா முழுக்க இங்கிலீஷ் பெயர் என்பதால் எனக்குத் தெரியவே இல்லை.

ஆகவே இன்டர்ஃபேஸில் வெப்ஹூக்கை வாங்கும் செயல் *வந்த பைட்டுகளையும் ஹெடர்களையும்* (செய்தியோடு வரும் தலைப்பு வரிகள்) அப்படியே வாங்க வேண்டும், பிரித்தெடுத்த பொருளை வாங்கக்கூடாது. ஸ்ட்ரைப் ஹெடரில் நேரமும் இருக்கும். அதன் லைப்ரரிகள் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு மேல் பழசானதைத் தள்ளிவிடும். பேஹியர் ஜேசனே இல்லை, ஃபார்ம் பதிவு. இதையெல்லாம் அடாப்டர்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

---

பழைய_பிஎச்பி

@ரா_பாடி ஜேசன் என்கோடில் யூனிகோடை விட்டுவிடு என்று ஒரு கொடி உண்டே தம்பி, அதைப் போட்டால் போயிற்று.

---

ரா_பாடி

போட்டேன் சார். அடுத்த வாரம் சாய்கோட்டில் (/) மாட்டியது. 😄 முகவரியில் 'கதவு எண் 4/12' என்று இருந்தவர்கள் எல்லாம்.

---

பழைய_பிஎச்பி

சரி, ஒத்துக்கொள்கிறேன். பைட்டையே கொடுங்கள்.

---

அக்கவுண்ட்ஸ்_அக்கா (மதுரை)

நான் கோடர் இல்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், தம்பி மகன் இந்த இழையைக் காட்டினான். நீங்கள் எல்லாரும் பணம் உள்ளே வந்ததோடு நிறுத்திவிட்டீர்கள். எங்கள் தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

மாணவர் கார்டில் ₹10,000 கட்டுகிறார். கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் ₹200. அந்த இருநூறுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ₹36. எங்கள் வங்கிக்கு வருவது ₹9,764. யூபிஐ என்றால் 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் (வணிகரிடம் பிடிக்கும் கட்டணம்) கிடையாது. இரண்டும் கலந்து, நேற்றும் முந்தாநாளும் வந்தது சேர்ந்து, நடுவில் கொடுத்த ரீஃபண்டைக் கழித்துக்கொண்டு, பாஸ்புக்கில் ஒரே ஒரு வரி விழும். அந்த ஒற்றை வரிக்குள் எந்தெந்த மாணவர் இருக்கிறார் என்று உங்கள் மென்பொருள் சொல்லுமா? இல்லையென்றால் மாதக் கடைசியில் நான்தான் எக்செல்லில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் மென்பொருளில் ரீஃபண்ட் கொடுத்தால் பழைய வரவு வரி மறைந்துவிடுகிறது. மொய் நோட்டில் எழுதினதை யாராவது அழிப்பார்களா? திருப்பிக் கொடுத்தால் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்.

---

பைசா_கணக்கு

அக்கா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான்.

@ஃபீஸ்_கவுண்டர், மொய் நோட்டு டேபிளை முதலில் கட்டுங்கள், இன்டர்ஃபேஸ் அப்புறம். எந்த கேட்வேயிலிருந்து எது வந்தாலும் ஒரு வரி. திருத்தக்கூடாது, அழிக்கக்கூடாது. கேட்வே பெயரும் அதன் நிகழ்வு ஐடியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே பூட்டுப் போடுங்கள். வெப்ஹூக் இரண்டு தடவை வரும், மூன்று தடவையும் வரும், வரிசை மாறியும் வரும். பூட்டு இருந்தால் இரண்டாவது வரி தானாகத் தடுக்கப்படும். நிகழ்வுக்குத் தனி ஐடி தராத கேட்வே என்றால் பேமென்ட் ஐடியையும் நிலையையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

பில்லின் நிலை என்பது அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்து வருவது. 'கட்டியாயிற்று' என்று ஒரு கொடியை ஏற்றி இறக்கும் வேலையே வேண்டாம்.

---

சிங்கை_கோடர் (சிங்கப்பூர்)

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எனக்கு இந்தப் பொது இன்டர்ஃபேஸ் ஆசையிலேயே சந்தேகம் உண்டு. ஒரே ஒரு கேட்வேயை வைத்துக்கொண்டு எழுதும் பொது இன்டர்ஃபேஸ் அந்த கேட்வேயின் நிழலாகத்தான் இருக்கும். இரண்டாவது வந்ததும் உடையும். முந்தைய வேலையில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். இன்டர்ஃபேஸில் 'பிடித்துவை', 'எடுத்துக்கொள்' என்று கார்டுக்கான இரண்டு படி வைத்தோம். சிங்கப்பூரின் பேநவ் க்யூஆர் வந்தபோது ஸ்கேன் செய்ததும் பணம் வந்துவிடுகிறது, பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. கடைசியில் அந்த அடாப்டரில் 'பிடித்துவை' என்பது ஒன்றும் செய்யாமல் 'ஆம்' என்று பொய் சொல்லும் செயலாக ஆனது.

என் யோசனை: பேஹியரை முதலில் தனியாக, அசிங்கமாகவே எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பொதுவானதை உருவுங்கள்.

---

பைசா_கணக்கு

பாதி ஒத்துக்கொள்கிறேன். எல்லா கேட்வேயின் எல்லா வசதியையும் ஒரே இன்டர்ஃபேஸில் திணித்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். இவருக்குக் கட்டண வசூல்தானே, பிடித்துவைக்கும் படியே தேவைப்படாது. கட்டாயம் எல்லாருக்கும் பொதுவானது சின்னதாக இருக்கட்டும். மீதியை 'உன்னால் முடியுமா' என்று அடாப்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம், ஆம்னிபே அப்படித்தான் வைத்திருக்கிறது. மாதா மாதம் தானாகப் பிடிப்பதை எல்லாம் பொதுவாக்கவே முயலாதீர்கள். இந்தியாவில் மட்டும் 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு, ₹15,000 தாண்டினால் பொதுவாக மறுபடி ஓடிபி என்று தனி விதிகள். குவைத்துக்கு அது எதற்கு?

---

ஃபீஸ்_கவுண்டர்

மூன்று நாள் கழித்து வருகிறேன். @சிங்கை_கோடர் சொன்னபடி பேஹியரை முதலில் தனியாக எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் வைத்தபோது பழைய இன்டர்ஃபேஸில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. புதுசு இப்படி இருக்கிறது:

தொடங்கு (முயற்சி) → ஆளை எங்கே அனுப்புவது, எதைக் காட்டுவது
செய்தி_வந்தது (பைட்டுகள், ஹெடர்கள்) → நோட்டில் எழுத வேண்டிய வரிகள், அல்லது 'கையொப்பம் தவறு'
விசாரி (முயற்சி) → வரிகள், அல்லது 'இன்னும் தெரியாது'
திருப்பிக்கொடு (முயற்சி, தொகை, நம் சாவி) → 'கோரியாயிற்று' மட்டும்
செட்டில்மென்ட் (தேதி) → வரிகள், கட்டணமும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக

'நம் சாவி' என்பது ஒரே கோரிக்கை இரண்டு முறை நிறைவேறாமல் இருக்க நாம் அதற்குக் கொடுக்கும் தனி அடையாளம். 'தொடங்கு' பணம் வந்ததா என்று சொல்வதே இல்லை. அது தெரிவது இரண்டு வழியில்தான்: அவர்களாகச் சொல்ல வேண்டும், அல்லது நாம் விசாரிக்க வேண்டும். தெரியாமல் கிடக்கும் முயற்சிகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வேலை விசாரித்துக்கொண்டே இருக்கும்.

பில்லுக்கு ஒரு புது நிலை சேர்த்திருக்கிறேன்: 'கூடுதலாக வந்திருக்கிறது'. அந்த ₹42,500 அப்பாவுக்காக. திரையிலும் 'தோல்வி' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். 'வங்கியிடமிருந்து உறுதி வரவில்லை. பணம் கழிந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டாம், காலை 10 மணிக்குள் குறுஞ்செய்தி அனுப்புகிறோம்' என்று வரும்.

ஒரு சந்தேகம். 'நம் சாவி' எப்போது உருவாக்குவது? அழைப்புக்கு முன்னால்தானே?

---

பைசா_கணக்கு

முன்னால் உருவாக்கி, *டேட்டாபேஸில் எழுதி கமிட் செய்த (நிலையாகப் பதிந்த) பிறகு* அழையுங்கள். அழைக்கும்போதே உருவாக்கினால், சர்வர் நடுவில் விழுந்து எழுந்து மறுபடி முயலும்போது புதுச் சாவி போகும், ரீஃபண்ட் இரண்டு தடவை போய்விடும். ஸ்ட்ரைப் இந்தச் சாவியை ஹெடரில் வாங்கிக்கொண்டு, அதே சாவி மறுபடி வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரும். ஆனால் 24 மணி நேரத்துக்குப் பிறகு ஸ்ட்ரைப் அந்தச் சாவியை மறந்துவிடக்கூடும். இரண்டு நாள் கழித்து மறுபடி முயல்வதாக இருந்தால் முதலில் விசாரியுங்கள்.

10 மணிக்குள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டி+5ஐ மறந்துவிட்டீர்களா?

---

ஃபீஸ்_கவுண்டர்

மாற்றிவிட்டேன். 'உறுதியானதும் குறுஞ்செய்தி அனுப்புகிறோம்.'

---

அக்கவுண்ட்ஸ்_அக்கா

'கூடுதலாக வந்திருக்கிறது' என்று எங்கள் மென்பொருளிலும் ஒரு பட்டன் வேண்டும். யாரிடம் கேட்பது?

---

ஃபீஸ்_கவுண்டர்

அக்கா, தனிமடல் அனுப்புகிறேன். 🙏

குவைத்திலிருந்து ஆசிரியர் இன்று பேசினார். கேட்வே முடிவாகிவிட்டதாம். ஆனால் அதில் ரீஃபண்டுக்கு ஏபிஐ (கோடிலிருந்தே அழைக்கும் வழி) கிடையாது, மின்னஞ்சல் போட வேண்டுமாம், அவர்கள் கையால் செய்வார்களாம். ஐந்தில் ஒரு செயல் அங்கே இல்லவே இல்லை. இன்டர்ஃபேஸை மறுபடி உடைக்க வேண்டுமா?

---

சிங்கை_கோடர்

உங்கள் 'திருப்பிக்கொடு' என்ன திருப்பித் தருகிறது என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். 'கோரியாயிற்று' மட்டும். அடாப்டருக்குள் மின்னஞ்சலை அனுப்புங்கள். பொருள் வரியில் நம் சாவியைப் போடுங்கள், அவர்கள் பதில் போடும்போது எது என்று தெரியும்.

---

ஃபீஸ்_கவுண்டர்

அட, ஆமாம். எழுதிவிட்டேன், 40 வரிதான். அதில் 12 வரி 'மதிப்பிற்குரிய ஐயா'விலிருந்து 'இப்படிக்கு' வரை.